குமரிக்கு வேண்டும் கந்தகக் கண்!

2017ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் குமரிமுனைக் கடலில் ஒக்கிப் புயல் எழுந்தது. அந்த ஒரே நாளில் குமரி மாவட்டத்தின் மலையும் கடலும் ஒருசேர அடிபட்டன. மலைப்புறத்தில் எண்ணற்ற இரப்பர் மரங்கள் வேரோடு பெயர்ந்தும் நடுவே முறிந்தும் வீழ்ந்தன. கடற்புறத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களினின்று பல நாள் முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த மீனவருள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மீளவே இல்லை. வீழ்ந்த மரத்தை நின்று எண்ண முடிந்தது. கடலில் போனவரை எண்ணி முடிப்பதற்குள் நாள்கள் பல கடந்தன.

பகல் வெளிச்சத்திலேயே, ஆளுயர அலைகளுக்கு இடையில் மிதக்கும் ஒரு மாந்தத் தலையைக் கப்பலினின்று காண்டல் அரிது. ஞாயிறு மறைந்தபின் அவ் வாய்ப்பும் இல்லை. கவிழ்ந்த படகின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டு மிதப்பவனுக்கு இரவென்றும் பகலென்றும் இரண்டில்லை. தேடுவோர்க்கோ காலத்தின் செம்பாதி இருளில் வீணாகின்றது. அப் பாதியை மீட்டுத்தரும் கருவி உலகில் உண்டு. அதன் கண் மட்டும் மீனவர்க்கு எட்டாத விலையில் கிடக்கின்றது.

உயிருள்ள மாந்த உடல் இருளிலும் ஒளிர்கின்றது. இது பாவலர் கூற்றன்று, இயற்பியல். சூடுடைய எப்பொருளும் கதிர் வீசும். 1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் எர்செல் என்னும் வானியலறிஞர் கதிரவனொளியைப் பட்டகத்தால் நிறநிறமாகப் பிரித்து, நிறந்தோறும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தோன்றாத இடத்தில் வைத்த வெப்பமானியும் ஏறிற்று. அங்கு வீழும் கதிரையே பாடநூல்கள் 'அகச்சிவப்பு' என்கின்றன. புறவூதாவுக்கு இணையாக அமைத்த பெயர் இது. ஊதாவுக்குப் புறத்தே நிற்பது புறவூதா ஆயின், சிவப்புக்கும் புறத்தே நிற்பது எங்ஙனம் அகமாகும்? 'கீழ்ச்சிவப்பு' என்று வைத்திருந்தால், அதிர்வெண்ணில் சிவப்பினும் கீழ்ப்பட்டது என்னும் பொருளாவது விளங்கியிருக்கும். எனினும் இரண்டு தலைமுறை மாணவர் நாவிற் பழகிவிட்ட சொல்லை இன்று பெயர்த்தால் குழப்பமே மிஞ்சும். அகச்சிவப்பே நிற்க.

கண் காணும் ஒளியின் அலைநீளம் ஒரு நுண்மீட்டருக்கும் குறைவு. நுண்மீட்டராவது ஒரு மீட்டரைப் பத்து நூறாயிரமாகப் பகுத்ததில் ஒரு கூறு. 37 பாகைச் சூடுடைய உடல் வீசும் கதிரோ ஒன்பது பத்து நுண்மீட்டர் அளவில் மிக்கு நிற்கும். காற்றுவெளியும் 3 முதல் 5 நுண்மீட்டர் வரையிலும், 8 முதல் 14 வரையிலும் அக்கதிர்க்கு வாயில் திறந்து வைத்துள்ளது. குமரிக்கடல் நீரின் சூடு ஏறத்தாழ 28 பாகை. அதன்மேல் நிற்கும் தலை அதனினும் சூடுடையது. ஆதலின் வெப்பப் படக்கருவியின் திரையில், கருத்த நீர்ப்பரப்பின்மேல் அத் தலை வெண்புள்ளியாய்த் தோன்றும்.

படக்கருவி என்றால் வில்லை வேண்டும். இடர்ப்பாடு தொடங்குவது இங்கேதான். மணலை உருக்கிச் செய்த வீட்டுக் கண்ணாடி இக்கதிரை உள்ளே விடாது. பலகணிக் கண்ணாடிக்குப் பின் நிற்பவரை வெப்பப் படக்கருவி காணமாட்டாது. அதற்குக் கண்ணாடியும் ஒரு சுவரே. 1830களில் மெல்லோனி என்னும் இத்தாலிய அறிஞர், பாறையுப்பு வெப்பக்கதிரைத் தடையின்றி விடுவதைக் கண்டுரைத்தார். உப்புத்தானே, புத்தளத்திலும் சாமித்தோப்பிலும் விளைகின்றதே எனலாம். புலர்காலைப் பனியிலேயே கசிந்துருகும் பொருளைக் கடற்படகில் கண்ணாகக் கட்டுவார் எவர்?

ஆகவே உலகம் செருமானியத்தைக் கைக்கொண்டது. இப்படியொரு தனிமம் இருந்தாக வேண்டும் என்று மெந்தலீவு 1871இல் கணித்துரைக்க, 1886இல் வின்கிளர் செருமனி நாட்டில் அதனைக் கண்டெடுத்தார். பார்வைக்குச் சாம்பல்நிற மாழை போல் இருக்கும். கண்காணும் ஒளி அதனூடே செல்லாது. அகச்சிவப்போ 2 முதல் 14 நுண்மீட்டர் வரையில் தாராளமாகச் செல்லும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஒன்றரை, இதனுடையது 4. பண்பில் குறையொன்றும் இல்லை. குறையெல்லாம் விலையிலும் வரத்திலும்தான். துத்தநாகக் கனிமத்தோடும் நிலக்கரிச் சாம்பலோடும் ஒட்டிச் சிறிது சிறிதாகக் கிடைப்பது. கிலோ ஒன்று ஆயிரம் அமெரிக்கத் தாலருக்கும் மேல். வார்த்தெடுக்கவும் இயலாது, ஒவ்வொரு வில்லையாகக் கடைந்து மெருகிட்டாக வேண்டும். உலக விளைவில் பெரும்பங்கு சீனத்தின் கையில். 2023ஆம் ஆண்டு ஆகத்து முதல் நாளிலிருந்து, அரசின் ஒப்புதலின்றிச் செருமானியத்தை வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது என்று அந்நாடு ஆணையிட்டது. அதே ஆண்டில் இந்திய நடுவணரசு இன்றியமையாதன என்று வெளியிட்ட 30 கனிமங்களின் பட்டியலிலும் அது இடம்பெற்றது. பிற நாட்டான் ஒருவனின் கையொப்பத்துக்குக் காத்துக்கிடக்கும் பொருளைக்கொண்டு வள்ளவிளைப் படகுக்குக் கண் பொருத்த இயலுமா?

நெகிழியில் வார்த்தால் என்ன என்னும் வினா இயல்பாக எழும். மூக்குக் கண்ணாடி வில்லைகளே இன்று பெரும்பாலும் நெகிழியாகிவிட்டன. நெகிழி என்பது பல்லுறுப்பி. சிறு மூலக்கூறுகள் ஆயிரமாயிரமாய்க் கைகோத்து நீண்ட தொடர். அத் தொடரில் உள்ள ஒவ்வொரு பிணைப்பும் யாழின் நரம்பு போன்றது. தனக்குரிய அலை வந்து தொட்டால் தான் அதிர்ந்து அவ்வலையை விழுங்கிவிடும். கரிமமும் நீரியமும் பிணைந்த நரம்பு 3.4 நுண்மீட்டரில் விழுங்கும். ஏனைப் பிணைப்புகள் 6 முதல் 14 வரையில் ஆங்காங்கே விழுங்கும். மூக்குக் கண்ணாடிக்கு உகந்த நெகிழி வெப்பக்கதிர்க்கு இருட்டறையாவது இதனால்தான்.

விலக்கு ஒன்றுண்டு. பாலித்தீன் எளிய கட்டமைப்பினது. கரிமமும் நீரியமும் அன்றி வேறில்லை. ஆதலின் 3.4, 6.8, 13.8 நுண்மீட்டர்களை ஒட்டிய சில இடங்களில் மட்டும் விழுங்கி, எஞ்சியதை விட்டுவிடும். ஆள் நடந்தால் தானே எரியும் விளக்கின் மேல் பால்வெண்மையான சிறு குமிழ் ஒன்று இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். அது பாலித்தீன் வில்லை. அதன் உட்புறத்தைத் தடவினால் வரிவரியாகப் பள்ளம் தட்டுப்படும். பிரெஞ்சு அறிஞர் பிரெனல் கலங்கரை விளக்கங்களுக்கென்று வகுத்து, 1823இல் கோர்துவான் விளக்கத்தில் முதன்முதல் ஏற்றிய படிவில்லையே இங்குக் கைக்கு அடங்கும் அளவில் சுருங்கி நிற்கின்றது. முட்டத்துக் கலங்கரை விளக்கத்தைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு இதனை விளக்குதல் எளிது. ஆனால் இவ் வில்லை மெல்லியதாக இருக்கும் வரைதான் பயன் தரும். தடித்தால் விழுங்கத் தொடங்கிவிடும். 'ஆள் வந்தான்' என்று சொல்லும். வந்தவன் யார், எங்கே என்று படம் காட்டாது. கடலில் தேடுவார்க்கு இது போதாது.

பல்லுறுப்பிக்கும் அகச்சிவப்புக்கும் உள்ள உறவு புதியதன்று என்பதும், அது தொடங்கியதே இரப்பரில்தான் என்பதும் இரப்பர் நாட்டாரே அறியாத செய்தி. பழைய ஊற்றுத்தூவலின் கரிய உடல் எதனால் ஆனது? மரத்தின் பாலும் கந்தகமும் சேர்ந்து இறுகிய எபனைட்டு என்னும் வன்னிரப்பரால் ஆனது. அமெரிக்கரான குடியர் 1839இல் இரப்பரைக் கந்தகத்தோடு சூடேற்றிப் பதப்படுத்தும் முறையைக் கண்டார். நூற்றுக்கு ஒன்றிரண்டு கந்தகம் சேர்த்தால் நெகிழும் வலிய இரப்பர். முப்பது அளவிற்குச் சேர்த்தால் கல்போன்ற வன்னிரப்பர். 1880இல் கிரகாம் பெல், ஒளியின்மேல் பேச்சை ஏற்றியனுப்பும் கருவி ஒன்றை ஆய்ந்துகொண்டிருந்தபோது, கதிரின் வழியில் கரிய வன்னிரப்பர்த் தகட்டைக் குறுக்கே வைத்தார். கண்ணுக்கு முற்றிலும் இருள். எனினும் மறுபுறத்தில் ஒலி கேட்டது. கண் காணாத கதிர் அத் தகட்டை ஊடுருவிற்று. அடுத்த ஆண்டே அயர்த்தன், பெர்ரி என்னும் இருவர் அதன் ஒளிவிலகல் எண்ணை அளந்து வெளியிட்டனர்.

அன்றைய இரப்பர் குமரி மலையினதன்று. குமரியில் இரப்பர் வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டில். மேலும், வன்னிரப்பர் விட்டது சிவப்பை அடுத்து நிற்கும் குறுகிய அலைகளையே. உடற்சூட்டின் ஒன்பது நுண்மீட்டர்க் கதிரை அன்று. அதனால் அச் செய்தி நூலகங்களில் உறங்கிற்று.

அதனை எழுப்பியது போன்ற வேலை 2013இல் அமெரிக்க அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. செப்ரி பியுன் என்னும் வேதியலறிஞரும் அவர்தம் கூட்டாளிகளும் குடியரின் முறையைத் தலைகீழாகக் கவிழ்த்தனர். இரப்பர் மிகுதி, கந்தகம் சிறிது என்பது பழைய முறை. கந்தகம் மிகுதி, கரிமப் பொருள் சிறிது என்பது புதிது. தலைகீழ்க் கந்தகமூட்டல் என்றே இதற்குப் பெயர்.

கந்தகத்தின் இயல்பை அறிந்தால் இதன் அழகு விளங்கும். எட்டு அணுக்கள் முடிபோல் வளைந்த வளையமே கந்தக மூலக்கூறு. ஏறத்தாழ 120 பாகையில் உருகும். 160 பாகையளவில் வளையங்கள் அறுந்து, அறுந்த முனைகள் ஒன்றையொன்று பற்றி நீண்ட தொடராகும். அந்நிலையில் அதுவும் ஒரு பல்லுறுப்பியே. ஆனால் ஆறவிட்டால் மீண்டும் வளையங்களாய்ச் சுருண்டு நொறுங்கும் கட்டியாகிவிடும். அரிசோனாவினர், இரு கைகளை நீட்டி நிற்கும் ஒரு கரிம நீர்மத்தை 185 பாகையில் கலந்தனர். அக் கைகள் கந்தகத் தொடர்களை ஆங்காங்கே பிணைத்துக் கட்டின. ஆறியபின்னும் அவை சுருளவில்லை. நூற்றுக்கு 80 பங்கு வரை கந்தகமே நிறைந்த, ஊடொளி காட்டும் செந்நிற நெகிழி கிடைத்தது. கந்தகத்தோடு கந்தகம் பிணைந்த நரம்பு அதிர்வது 20 நுண்மீட்டர் அளவில். ஆதலின் 3 முதல் 5 வரையுள்ள வாயிலில் அது ஒன்றையும் விழுங்காது. ஒளிவிலகல் எண்ணும் 1.8 அளவினது, நெகிழிகளில் இது மிக உயர்வு. 2014இல் அதே குழுவினர் இந் நெகிழியின் வழியே வெப்பப் படம் எடுத்துக் காட்டினர். அக்ரிலிக்குத் தகட்டின் வழியே எடுத்தது இருண்டு கிடந்தது.

அச்சில் ஊற்றி வார்க்கலாம்; கடைய வேண்டுவதில்லை. கீறல் விழுந்தால் சூடேற்றி ஆற்றலாம். கந்தகப் பிணைப்புகள் அறுந்து மீண்டும் கூடும் இயல்பின. உப்புக் காற்றும் மணலும் தேய்க்கும் கடற்றொழிலுக்கு இது சிறு செய்தியன்று. விலையோ? எண்ணெயிலிருந்து கந்தகத்தைப் பிரித்தெடுத்தாலன்றி அதனை எரிக்க இயலாமையால், உலகெங்கும் எண்ணெய்த் தூய்விப்பாலைகளில் கந்தகம் மலையாய்க் குவிகின்றது. மணலியிலும் கொச்சியிலும் அவ்வாறு மீட்கப்படுகின்றது. சிவகாசி அறியாத பொருளும் அன்று. கிலோ ஒன்றுக்கு ஒரு தாலர் கூடப் பெறாத பொருள், ஆயிரம் தாலர்ப் பொருளின் இடத்தில் நிற்கக் கிளம்பியுள்ளது.

இதனைச் சொல்லிவிட்டுக் குறையை மறைத்தல் அறமன்று. 3 முதல் 5 வரை காணும் உணரிகள் பெரும்பாலும் கடுங்குளிரில் வைத்து இயக்க வேண்டியவை, விலை மிக்கவை. குளிரூட்ட வேண்டாத எளிய உணரிகள் இயங்குவது 8 முதல் 14 வரையுள்ள வாயிலில். முதலிற் செய்த கந்தக நெகிழி அங்குத் தடுமாறிற்று. கலந்த கரிமப் பொருளின் வளையம் அவ்விடத்தில் விழுங்கியது. கரிமப் பொருளை மாற்றி அவ்வாயிலையும் திறக்கும் வழியை அரிசோனாவினர் 2019இல் வெளியிட்டனர். 2023இல் ஆத்திரேலியாவின் பிளிண்டர்சு பல்கலைக்கழகத்தில் சசுட்டின் சால்க்கர் குழுவினர் மேலும் எளிய பொருளொன்றைக் கந்தகத்தோடு கூட்டி, 8 முதல் 14 வரையிலும் படம் காட்டும் வில்லைகளை வார்த்தனர். இன்னும் குறைகள் உள. உச்சிவெயிலில் காய்ந்த படகுத் தளத்தில் சிலவகை இளகக்கூடும். சூடு மிஞ்சினால் அழுகிய முட்டை நாற்றமுடைய நச்சுவளி கிளம்பும். பெருங்கலத்தில் காய்ச்சினால் சூடு தானே ஏறி அடங்காது போகவும் கூடும். செருமானியத்தின் தெளிவு இதற்கு இன்னும் வாய்க்கவில்லை. ஆயினும் அரை மைல் தொலைவில் மிதக்கும் தலையைக் காணப் பகைவன் படைக்கலத்தை அளந்தறியும் தெளிவு வேண்டுவதில்லை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லல் வேண்டும். இரப்பர்ப் பாலை ஊற்றி அகச்சிவப்பு வில்லை வார்க்கலாம், அதனால் தகட்டு இரப்பரின் விலை ஏறும் என்று எவரேனும் குலசேகரத்து வேளாளனிடம் சொன்னால் அது பொய். இரப்பரின் கண்ணிதோறும் கரிம–நீரியப் பிணைப்பு நிறைந்துள்ளது. அது விழுங்கியே தீரும். இரப்பர் நாட்டுக்கு இதில் உள்ள உரிமை மூலப்பொருளால் வந்ததன்று, கைப்பழக்கத்தால் வந்தது. சிரட்டையில் வடிந்த பாலை உறையவிட்டு, உருளையில் தேய்த்து, புகையூட்டி, கந்தகம் கூட்டி, இத்தனைப் பாகையில் இத்தனை நேரம் என்று அச்சிலிட்டு எடுக்கும் தொழிலுக்குப் பழகிய கைகள் குமரியில் உள்ளவாறு தமிழ்நாட்டில் வேறெங்கும் இல்லை. 1984இல் நிறுவிய அரசு இரப்பர்க் கழகமும் அங்கேயே உள்ளது. இலங்கையினின்று திரும்பி வந்த தமிழர் குடும்பங்கள் அதன் தோட்டங்களில் பால் வெட்டி வாழ்கின்றன. பால் வெட்டுவான் மகன் கல்லூரியில் வேதியல் படித்துவிட்டு வேலை தேடிச் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போகின்றான். குடியர் காட்டிய முறை தந்தையின் தொழில். அதனைக் கவிழ்த்த முறை மகனின் தொழிலாகலாகாதா?

மூலப்பொருளை மட்டும் விற்றுவிட்டு அமர்ந்திருந்த வரலாறு குமரிக்கு முன்பே உண்டு. 1909இல் செருமானியரான சோம்பெர்க்கு, திருவிதாங்கூரிலிருந்து சென்ற தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டிய மணலில் மோனசைட்டு மின்னுவதைக் கண்டு, அதன் தடம் பற்றி மணவாளக்குறிச்சிக் கரைக்கு வந்து சேர்ந்தார். அம் மணல் கப்பலேறிச் சென்று ஐரோப்பியத் தெருக்களில் வளிவிளக்கின் வலையாய் எரிந்தது. அம் மணலில் உள்ள இலந்தனம் உயர்ந்த படக்கருவி வில்லைகளுக்கு இன்றும் உலகில் வேண்டப்படும் பொருள். மணல் குமரியது, வில்லை பிறரது. கந்தகத்தில் அந்த இழப்பும் இல்லை, அது எங்கும் கிடைப்பது. முந்திக்கொண்டு கற்பவனுக்கே உரியது.

உணரியை வெளிநாட்டில்தானே வாங்க வேண்டும், வில்லையை மட்டும் செய்து என்ன பயன் என்பார் உளர். உணரி இன்று வெளியிலிருந்தே பெரிதும் வருகின்றது என்பது உண்மை. முழுதும் கைவந்தபின் தொடங்குவோம் என்பது ஒருநாளும் தொடங்காமைக்கு உரைக்கும் சாக்கு. தேராதூனில் நடுவணரசின் படைத்துறை ஆய்வு நிறுவனம் இத்தகைய கருவிகளில் ஆண்டுக்கணக்காய் உழைத்து வருகின்றது. எல்லைக் காவலனுக்கு இருட்டிற் காணும் கண் வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. கடலில் மிதப்பவனுக்கும் அது வேண்டும் என்று கேட்பாரைத்தான் காணோம்.

கேட்க வேண்டியவை நாகர்கோவிலின் கல்லூரிகள். கிறித்தவக் கல்லூரியும் இந்துக் கல்லூரியும் பின்னர்த் தோன்றிய பொறியியற் கல்லூரிகளும் நிறைந்த ஊர் அது. இவ்வேலைக்கு வேண்டியவை சூடான எண்ணெய்த் தொட்டி, கலக்கி, நச்சுவளியை வெளியேற்றும் போக்கி, சிலிக்கோன் அச்சு, அகச்சிவப்பு நிறமாலைமானி, இவ்வளவே. முதலில் தட்டைத் தகடு வார்க்கட்டும். வில்லைக்கு விரைய வேண்டா. அத் தகட்டைத் தேங்காய்ப்பட்டணத் துறைமுகத்தில் ஒரு கார்காலம் முழுதும் உப்புக் காற்றில் தொங்கவிட்டு, எத்துணை மங்கிற்று என்று திங்கள்தோறும் அளக்கட்டும். தாங்கினால் வில்லை. அதன் செலவைத் தமிழக அரசின் மீன்வளத்துறை ஏற்றல் முறை; ஒக்கிக்குப் பின் கொடுத்த இழப்பீட்டோடு ஒப்பிட்டால் அது ஒரு கணக்கே அன்று. ஆய்வேட்டைத் தமிழில் எழுதி, தூத்தூர் மீனவரும் படித்துக் குறை சொல்லுமாறு வெளியிடல் வேண்டும். கருவியின் குறையைக் கடலறிந்தவனைப்போல் எவரும் கண்டுரையார்.

இரவில் ஆய்ந்து பார்க்க மாந்தரை நீரில் இறக்க வேண்டுவதில்லை. தலையளவான கலம் ஒன்றில் 37 பாகை வெந்நீரை நிரப்பி மூடி, நிலவில்லா இரவில் கரையினின்று சற்று விலக்கி மிதக்கவிடலாம். படகில் கட்டிய கந்தக வில்லையின் வழியே அதனைப் பார்த்துக்கொண்டே பின்வாங்கி, எத்தனை மீட்டரில் அது அலையோடு அலையாய் மறைகின்றது என்று குறித்தல் வேண்டும். அடுத்து மழைத்தூறலில் ஒருமுறை. அடுத்து வாடைக் காற்றில் ஒருமுறை. அவ் எண்கள் கைக்கு வந்தபின் எத்தனைப் படகுக்கு எத்தனைக் கண் என்று அரசோடு பேசலாம்.